கல்லுக்குள் விட்ட மழைத்தண்ணீர்

வியாழக்கிழமைதோறும் என் மனைவி பக்கத்து அறைக்குள் போய், அலமாரிக்கு மேலே தொங்கும் குளுக்கோஸ் பாட்டிலில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பாள். குறைந்திருந்தால் வெள்ளை கேனிலிருந்து உப்புநீர் ஊற்றி நிரப்புவாள். பாட்டிலிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இறங்கி மேசைமேல் கிடந்த உருளைக் கல்லின் ஒரு முனைக்குள் நுழையும். உள்ளங்கையில் அடங்குகிற மணற்கல். சுற்றிலும் ரெசின் பூசியிருந்ததால் தண்ணீர் பக்கவாட்டில் கசிய முடியாது. ஒரு முனையில் நுழைவது மறுமுனையில்தான் வெளியே வர வேண்டும். ஆனால் அங்கே எதுவும் வரவில்லை. கல் அடைத்துப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பாட்டிலில் குறைந்ததெல்லாம் ஆவியாகப் போனதுதான்.

"காய விடக் கூடாதுக்கா" என்று அவளுடைய தம்பி சொல்லியிருந்தான். அவன் இல்லாத பிறகும் அவள் காய விடவில்லை.

அவன் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வுக்கூட உதவியாளன். வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்தான். முப்பத்து மூன்று வயது, பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரடங்கில் கல்லூரி மூடியபோது, கம்மாபுரத்தில் இருந்த அவர்கள் வீட்டில் ஆள் அதிகம் என்று சொல்லி, விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். துணிமணியைவிடக் குழாயும் கேனும்தான் அதிகம் கொண்டுவந்தான். அந்தக் கல்லைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்ததைப் பார்த்து என் மனைவி, "புள்ளத்தாச்சி மாதிரி வரான் பாருங்க" என்றாள்.

அந்தக் கல் அவனுக்கு ஒன்றுதான் கிடைத்திருந்தது. பூமிக்குள் வெகு ஆழத்திலிருந்து துளைத்து எடுத்த, எண்ணெய் தங்கியிருக்கும் வகைப் பாறையின் துண்டு. அதன் நுண்துளைகளில் முதலில் உப்புநீரையும் பிறகு கச்சா எண்ணெயையும் ஏற்றி, பல வாரம் ஊற வைத்திருந்தான். அப்புறம் உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணெயைத் தள்ளினான். மறுமுனையில் ஒரு கண்ணாடிக் குழாய் கவிழ்ந்து நின்றது. எண்ணெய் அதன் உச்சியில் சேரும், தண்ணீர் கீழே வழிந்து ஒரு கிண்ணத்தில் விழும். சில நாளில் எண்ணெய் வருவது நின்றுவிட்டது. தண்ணீர் மட்டும் வந்தது.

"தீந்து போச்சா?" என்று கேட்டேன்.

"தீரல மாமா. பாதி உள்ளதான் இருக்குது. கல்லைப் புடிச்சுக்கிட்டு வர மாட்டேங்குது. அதைக் கெளப்புறதுதான் என் வேலையே."

"எப்படிக் கெளப்புவ?"

"உப்பைக் கொறச்சுப் பாக்கணும். ஒரேயடியா இல்ல. கொஞ்சம் கொஞ்சமா. கல்லுக்குள்ள வெள்ளைக் களிமண் இருக்குது, உங்க கம்பெனி மண்ணேதான். உப்பு இருக்கிற வரைக்கும் அது மணல ஒட்டிக்கிட்டு இருக்கும். அதும்மேல எண்ணெய் ஒட்டிக்கிட்டு இருக்கும். உப்பு போச்சுன்னா மண்ணு கழண்டுக்கும். எண்ணெயும் கூட வரும்."

"நல்லதுதானே?"

"அளவோட கழண்டா நல்லது. மொத்தமா கழண்டுச்சுன்னா இடுக்குல போய் அடைச்சுக்கும். அப்புறம் தண்ணியும் வராது, எண்ணெயும் வராது. திரும்ப உப்பு போட்டாலும் அது பழைய எடத்துக்குப் போவாது."

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டிய அவசியமில்லை. நான் ஒரு பீங்கான் தொழிற்கூடத்தில் ஸ்லிப் கலக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவன். ஸ்லிப் என்றால் அச்சில் ஊற்றுகிற மண்கூழ். களிமண்ணில் சிட்டிகை எடுத்து இரண்டு கண்ணாடி டம்ளரில் கலக்கிப் பார்ப்பது என் அன்றாட வேலை. உப்பு இருக்கிற தண்ணீரில் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கனத்து அடியில் இறங்கும், மேலே தெளியும். உப்பில்லாத தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பால் போல மிதக்கும், நாளெல்லாம் தெளியாது. இதை வைத்துத்தான் எந்தப் போரிங் தண்ணீரை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று முடிவு செய்வோம்.

நான் தினமும் குறிப்பு எழுதுகிறவன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள் விட்டதில்லை. வெயில், மழை, ரயில் தாமதம், கோயில் கொடியேற்றம், மண் லாரி எத்தனை மணிக்கு வந்தது எல்லாம் இருக்கும். மச்சான் அதைக் கிண்டல் செய்வான்.

"மாமா, நேத்து நான் எத்தனை தடவ தும்முனேன்னு எழுதிட்டீங்களா?"

"நான் பொறந்த வூட்டு சாம்பாருல உப்பு கம்மின்னுகூட அவரு எழுதி வெச்சிருக்காரு" என்பாள் என் மனைவி.

இருந்தும் அந்தப் பழக்கத்தை நம்பித்தான் அவன் கல்லை என்னிடம் விட்டுப் போனான். ஆவணி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. கம்மாபுரத்தில் அவர்கள் நிலத்தைச் சுரங்கத்துக்காக அளக்க வருவதாகத் தகவல் வந்தது. நான்கு நாள் அவன் அங்கே இருந்தாக வேண்டும். சுவரில் ஒரு தாளை ஒட்டி, கட்டம் போட்டுக் கொடுத்தான். நேரம், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு, பாட்டிலில் என்ன தண்ணீர்.

"இந்தக் கேன் தண்ணியத் தவிர வேற எதையும் ஊத்திடாதீங்க மாமா. வேற யார்கிட்ட இருந்தாலும் சொல்லுவேன், உங்ககிட்ட சொல்லத் தேவையில்ல. இருந்தாலும் சொல்றேன்."

"சொல்லிட்டல்ல, கெளம்பு."

திங்களும் செவ்வாயும் ஒழுங்காகப் போயின. செவ்வாய் இரவு நான் கவனிக்காமல் பாட்டில் தீர்ந்து சொட்டு நின்றுவிட்டது. புதன் காலையில் நிரப்பினேன், அதையும் தாளில் எழுதினேன். வியாழன் மதியம் வேலையிலிருந்து சாப்பிட வந்தவன் கல்லின் வெளி முனையைப் பார்த்தேன். ரப்பர் மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வெயிலுக்குக் கசிவு காய்ந்து பூத்ததுதான், வேறொன்றுமில்லை.

ஆனால் பீங்கான் வேலையில் அந்த வெள்ளைப் பூ பெரிய எதிரி. காய்ந்த சாமானின் விளிம்பில் அது தெரிந்தால் அங்கே கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு ஒட்டாது. சூளையிலிருந்து வரும்போது தோல் உரிந்த மாதிரி வரும். பார்த்த உடனே நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். கேள்வி கேட்காமல் கை செய்கிற காரியம் அது. உப்பு இப்படியே பூத்தால் குழாய் வாயை அடைத்துவிடும், ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் விட்டு உள்ளேயும் அலசிவிட்டால் மச்சான் வரும்போது சுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது பெரிய வார்த்தை. பின்கட்டில் மொட்டைமாடி மழைத்தண்ணீர் பிடித்து வடிகட்டி வைத்த குடம் இருந்தது. பாட்டிலில் இருந்த உப்புநீரைக் கொட்டிவிட்டு அதை ஊற்றினேன். பிறகு சாப்பிட உட்கார்ந்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தபோது கிண்ணத்தில் விழுந்த தண்ணீர் கலங்கியிருந்தது. ஒரு சொட்டு விழ, அதைச் சுற்றி வெள்ளைப் புகை மாதிரி விரிந்து, கலையாமல் நின்றது. அந்த வெள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருடம் டம்ளரில் பார்த்த வெள்ளை. பல லட்சம் வருடம் மணலைப் பிடித்துக்கொண்டு இருந்த மண் என் கண்ணெதிரில் விடுபட்டு வந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் குழாயின் உச்சியில், நாள் கணக்காக அசையாமல் இருந்த எண்ணெய் மட்டத்துக்குக் கீழே, புதிதாகப் பழுப்புத் துளிகள் ஏறின. ஐந்தாறு. நான் குழாயில் இருந்த திருகைப் பிடித்து மூடியிருக்கலாம். மூடவில்லை. ஏதோ நல்லது நடக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. அந்தத் துளிகள் அவ்வளவு அழகாக இருந்தன.

பிறகு சொட்டுகள் தாமதித்தன. எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நேரம் நீண்டு, கடைசியாக ஒன்று குழாய் நுனியில் திரண்டு, விழாமல் நின்றது.

மழைத்தண்ணீரை எடுத்துவிட்டு மறுபடி உப்புநீர் ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. கிண்ணத்தைப் பின்கட்டுச் சாக்கடையில் கொட்டிக் கழுவினேன். பிறகு தாளில் அந்த நேரத்துக்கு எதிரே எழுதினேன்: உப்புநீர். அன்று இரவு என் சொந்தக் குறிப்பேட்டில் மண் லாரி வந்ததையும் வெயிலையும் எழுதினேன். கல்லைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அவன் வந்தான். செருப்பைக் கழற்றாமல் அறைக்குள் போனான். உள்ளே கேனைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு கூடத்துக்கு வந்தான்.

"மாமா, தண்ணி ஏதாவது மாத்துனீங்களா?"

"இல்லியே."

"எண்ணெய் ஏறியிருக்குது. கல்லும் அடைச்சிருக்குது. கிண்ணத்துத் தண்ணி எங்க?"

"ரொம்பிடுச்சு, கொட்டிட்டேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "செவ்வாக்கெழம ராத்திரி பூரா சொட்டு நின்னு போயிருந்துச்சு மாப்ள. அதனால இருக்குமோ?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தாளைப் பார்த்தான். "இருக்கலாம்" என்றான்.

உண்மையான ஒரு விஷயத்தைப் பொய்க்கு முட்டாகக் கொடுத்தேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். உப்பு குறையாமலே, ஓட்டத்தை நிறுத்தி வைத்ததால் மட்டும் எண்ணெய் கிளம்பியிருந்தால் அது யாரும் எதிர்பாராத விஷயம். கல்லூரி திறந்ததும் மணலும் களிமண்ணும் சேர்த்துக் குழாய்களில் அடைத்து, கிடைத்த வேறு கற்களை வைத்து, உப்புநீரை ஓட விட்டும் நிறுத்தியும் பார்த்தான். ஒரு இரவு நிறுத்தினான், ஒரு வாரம் நிறுத்தினான். எண்ணெயும் வரவில்லை, அடைக்கவும் இல்லை. சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவான். முகம் கறுத்திருக்கும்.

"நான்தான் எங்கியோ தப்பு பண்றேன் மாமா" என்பான்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லிவிடலாம் என்றுதான் டீ வாங்கிவர அவனைக் கூட அழைத்துப் போவேன். கடையில் நின்று ஜங்ஷன் ரயிலைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்புவோம்.

அடுத்த வைகாசியில், இரண்டாம் அலையில் அவன் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு முறை போனில் பேசினான். மூச்சு இழுத்து இழுத்துப் பேசினான். "மாமா, அதிக நாள் நிறுத்தி வெச்சுப் பாக்கணும். ஒரு மாசம். நான் அவசரப்பட்டுட்டேன்." பக்கத்தில் அவன் அக்கா நின்று, "என்ன சொல்றான், என்ன சொல்றான்" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கல்லைப் பத்திச் சொல்றான்" என்றேன். அது அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அதன் பிறகு அந்த அறையில் சொட்டுச் சத்தம் கேட்டது. பட்டப்பகலில், சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் குழாய் நுனி காய்ந்திருக்கும். வேலையிடத்தில் டம்ளரில் மண்ணைக் கலக்கும்போது அந்த வெள்ளை விரிந்து நிற்கும். அது தெளியும்வரை என்னால் அங்கே இருக்க முடியாது. அந்தச் சோதனையை என்னோடு வேலை செய்கிறவரிடம் தள்ளிவிட்டேன். "என்னங்க, கண்ணு தெரியலியா?" என்று அவர் சிரித்தார். கண் நன்றாகத்தான் தெரிந்தது. யாரோ பின்னால் நின்று, கோபமே இல்லாமல், தண்ணி மாத்துனீங்களா என்று கேட்பது போல் இருக்கும். அவன் அன்று கேட்டபோதும் கோபம் இல்லை.

மனைவி வியாழக்கிழமை தண்ணீர் ஊற்றும்போது நான் வீட்டில் இருந்தால் வெளியே போய்விடுவேன்.

அடுத்த ஆண்டு மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனோடு ஆராய்ச்சி செய்த பெண் ஒருவர் வந்தார். சேத்தியாத்தோப்பில் பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். முப்பது வயதிருக்கும். அவன் விட்ட வேலையை அவர் எடுத்துச் செய்வதாகவும், கல்லையும் சாமான்களையும் கொண்டுபோக வேண்டும் என்றும் கேட்டார். கல் இன்னும் ஈரமாக இருப்பதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம்.

"யாரு சார் தண்ணி ஊத்துறது?"

"நான்தாம்மா" என்றாள் என் மனைவி. "உபயோகப்படுமா?"

"ரொம்பங்க. காஞ்சிருந்தா எல்லாம் போயிருக்கும்."

மனைவி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அவள் காபி போடப் போனாள். அந்தப் பெண் சாமான்களைப் பிரித்துக்கொண்டே பேசினார்.

"அவர் ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்கு மெசேஜ் போட்ட மாதிரி ஒரு மாசம் நிறுத்தி வெச்சுப் பாக்கலாம்னு இருக்கேன் சார். அப்புறம் ரெண்டு மாசம், மூணு மாசம். எனக்கு ஆராய்ச்சியில மிச்சம் இருக்கிற ரெண்டு வருஷமும் இதுலதான் போகும். பரவால்ல, அவர் சும்மா சொல்லியிருக்க மாட்டாரு."

அவர் கையில் இருந்த குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம். ஏற்கெனவே ஒருவனுடைய எட்டு மாதம் போயிருக்கிறது.

"நிறுத்தி வெச்சா ஒண்ணும் வராதும்மா" என்றேன். "அன்னைக்கு நான் மழைத்தண்ணி ஊத்துனேன்."

அவர் குழாயைக் கீழே வைத்தார். "எவ்வளவு?"

"ஒரு பாட்டில். கால்வாசி உள்ள போயிருக்கும். அப்புறம் அடைச்சிடுச்சு."

"கலங்கி வந்துச்சா?"

"பால் மாதிரி வந்துச்சு."

"அவருகிட்ட சொல்லலியா?"

"கேட்டான். இல்லன்னு சொல்லிட்டேன்."

அடுக்களை வாசலில் என் மனைவி மூன்று டம்ளர் வைத்த தட்டோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. பையைத் திறந்து மச்சானின் நோட்டு ஒன்றை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி என்னிடம் நீட்டினார். அவனுடைய சாய்ந்த கையெழுத்து. என்ன காரணமாக இருக்கலாம் என்று வரிசையாக எழுதியிருந்தான். முதல் வரி: நீர் மாறியிருக்கிறது, நன்னீர். அதன் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் சின்னதாக: மாமாவிடம் கேட்டேன். இல்லை என்றார்.

அவ்வளவுதான். சந்தேகக் குறி எதுவும் இல்லை. கண்ணால் பார்த்ததையும் படித்ததையும் ஒதுக்கிவிட்டு என் வார்த்தையை எடுத்துக்கொண்டிருந்தான்.

மனைவி தட்டை வைத்துவிட்டு நோட்டை வாங்கிப் படித்தாள். அவள் மெதுவாகத்தான் படிப்பாள். படித்துவிட்டு மூடினாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றாள். "கத்தியிருப்பான். கோச்சுக்கிட்டு ஒரு வேள சாப்பிட மாட்டான். ராத்திரிக்கு வந்து, அக்கா தோச ஊத்துன்னு கேட்டிருப்பான்."

நான் மேசை ஓரத்திலிருந்த காபித் தட்டை உள்ளே தள்ளி வைத்தேன்.

"எட்டு மாசம் என் தம்பி தன்னையே திட்டிக்கிட்டுப் போனானே" என்றாள். அந்தப் பெண் இருந்ததால் குரலை உயர்த்தவில்லை. அதற்குப் பிறகும் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சுவரில் இருந்த தாளை அந்தப் பெண் கிழியாமல் பிரித்தெடுத்து மேசையில் விரித்தார். அழிக்கக் கூடாது என்றார். தவறான சொல்லின்மேல் ஒரு கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் திருத்திய நாளும் போட வேண்டும். உப்புநீர் என்பதைக் கோடிட்டு, வடிகட்டிய மழைத்தண்ணீர், ஏறத்தாழ கால் பாட்டில், பிறகு உப்புநீர் என்று எழுதினேன். இத்தனை நாள் ஆகியும் அந்த மதியத்தின் நேரம் நிமிடம் வரை எனக்கு நினைவிருந்தது. அவர் கல்லை ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் வைத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார்.

சித்திரை கடைசியில் அவரிடமிருந்து போன் வந்தது. கல்லை நீளவாக்கில் மெல்லியதாக அறுத்து, நுண்ணோக்கியில் படம் எடுத்திருக்கிறார்கள். வெளி முனையை நோக்கிப் போகும் இடுக்குகளின் வாயில், சீட்டுக்கட்டை உருவிப் போட்ட மாதிரி வெள்ளை மண் தகடுகள் குறுக்கும் நெடுக்குமாக மாட்டிக்கொண்டு இருக்கின்றனவாம். உப்பு திடீரென்று விலகினால் இப்படித்தான் ஆகும், அதைக் காட்ட இதைவிட நல்ல சாட்சி வேண்டாம் என்றார். இந்தக் கல்லைப் பற்றி அவன் எழுதி வைத்திருந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதப் போகிறார். மச்சானின் பெயர் முன்னால் வரும். நான் செய்ததையும் எழுதியாக வேண்டும் என்றார். எழுதுங்கள் என்றேன்.

"அவரு மொதல்ல நெனச்சதுதான் சார் சரி" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மனைவி அடுப்படியில் இருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினாள். சோறு எடுத்து வைப்பாள், சந்தையில் என்ன வாங்க வேண்டும் என்பாள். அவன் பெயரை என் முன்னால் சொல்வதில்லை. அன்று அவளாகவே கேட்டாள்.

"என்னவாம்?"

அறுத்ததையும், தகடுகளையும், அவன் நினைத்ததே சரி என்றதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள்.

"எண்ணெய்?"

"அந்த அடைப்புக்குப் பின்னால நெறைய இருக்குதாம். வெளிய வர வழி இல்லியாம்."

கத்தி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.